சிறிய டிராக்டரில் சாவியைத் திருப்பினாலும் ஸ்டார்ட்டர் சில சமயம் சுற்றுவதில்லை. சாவி சுவிட்சை மாற்றலாமா?

ஒரு சமயம் உடனே கிளம்புகிறது, இன்னொரு சமயம் சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்ற ஓசைகூட இல்லை, பேட்டரியோ புதியது என்று எழுதியிருக்கிறீர்கள். சாவி சுவிட்சை இப்போதே வாங்கிவிட வேண்டாம். இதே கோளாறுக்கு நான் முதலில் மாற்றியது அதைத்தான். இரண்டு நாள் நன்றாக ஓடிய வண்டி மூன்றாம் நாள் மறுபடியும் மௌனமாகிவிட்டது. கிளட்ச் மிதிக்கு அடியில் குனிந்து பார்த்தபோதுதான், அங்குள்ள சுவிட்சைத் தாங்கும் தகட்டின் போல்ட் தளர்ந்து, மிதியை முழுக்க அழுத்தினாலும் சுவிட்சின் முளை ஓரிரு மில்லிமீட்டர் அழுந்தாமல் நிற்பது தெரிந்தது. போல்ட்டை முடுக்கியதோடு வேலை முடிந்தது.

பெரும்பாலான சிறிய டிராக்டர்களில் சாவி சுவிட்சிலிருந்து வரும் மின்சாரம் கிளட்ச் அல்லது நியூட்ரல் சுவிட்ச், பி.டி.ஓ. (பின்னால் மாட்டும் கருவிகளுக்கு எஞ்சின் விசையைத் தரும் தண்டு) சுவிட்ச் ஆகியவற்றை வரிசையாகக் கடந்த பிறகே சோலனாய்டின், அதாவது ஸ்டார்ட்டருக்குப் பெரிய மின்சாரத்தை இணைத்துவிடும் காந்த சுவிட்சின், சிறிய முனையை அடைகிறது. நடுவில் எது விட்டாலும் அறிகுறி ஒன்றுதான். ஆகவே சோலனாய்டிலிருந்து பின்னோக்கிச் சோதிப்பதே முறை. சக்கரங்களுக்கு அடைகல் வைத்து, கியரை நியூட்ரலில் நிறுத்தி, ஒருவர் இருக்கையில் அமர்ந்து கிளட்சை மிதித்துச் சாவியை ஸ்டார்ட் நிலையில் பிடித்திருக்க, நீங்கள் மல்டிமீட்டரின் கருப்பு ஒயரை பேட்டரியின் நெகட்டிவிலும் சிவப்பு ஒயரை அந்தச் சிறிய முனையிலும் வைத்துப் பாருங்கள். பேட்டரியின் அளவுக்கு நெருங்கிய வோல்ட் வந்தும் ஸ்டார்ட்டர் சுற்றாவிட்டால் பழுது சோலனாய்டிலோ ஸ்டார்ட்டரிலோ கனமான கேபிள்களிலோ இருக்கிறது. ஒன்றுமே வராவிட்டால், ஒவ்வொரு சுவிட்சின் இரு முனைகளையும் அதேபோல் பார்த்துக்கொண்டே பின்னால் போனால், ஒரு பக்கம் வந்து மறுபக்கம் வராத இடம் அகப்படும். 8, 9 வோல்ட் என்று அரைகுறையாக வந்தால் எங்கோ ஒரு கனெக்டரில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கிறது அல்லது சுவிட்சின் உள்முனை கருகியிருக்கிறது என்று கொள்ளலாம்.

சுவிட்சைக் கழற்றி மல்டிமீட்டரில் ‘பீப்’ ஒலி வருகிறதா என்று மட்டும் பார்த்து நல்லது என்று முடிவுகட்டுவது பலர் செய்யும் தவறு. அந்தச் சோதனையில் ஓடும் மின்சாரம் மிகச் சொற்பம். கருகிய முனையும், ஒரே ஓர் இழையில் தொங்கும் ஒயரும்கூட அதைக் கடத்திவிடும். சோலனாய்டு இழுக்கும்போதுதான் குட்டு வெளிப்படும்.

மாற்றியே ஆக வேண்டும் என்றால், பழைய சுவிட்ச் அழுத்தும்போது இணைகிறதா, அழுத்தும்போது துண்டிக்கிறதா என்பதை உறுதிசெய்த பிறகு வாங்குங்கள். பார்வைக்கு அச்சாக ஒரே மாதிரி இருக்கும் இரண்டு சுவிட்சுகள் நேர்மாறாக வேலை செய்யக்கூடும். பேட்டரியின் நெகட்டிவ் கேபிளை முதலில் கழற்றிவிட்டு, ஒயர்கள் இருக்கும் நிலையிலேயே ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பல சாவி சுவிட்சுகளின் பின்புறம் 30 என்பது பேட்டரி, 50 என்பது ஸ்டார்ட், 19 என்பது குளோ பிளக் (டீசல் எஞ்சினைக் கிளப்பும் முன் சூடாக்குவது) எனப் பொறித்திருக்கும் என்றாலும், எல்லாத் தயாரிப்பிலும் அப்படி இருக்காது என்பதால் படமே நம்பகமானது. முளை வைத்த சுவிட்சைப் பொருத்தும்போது அது அடிவரை நசுங்காதபடி சிறிது இடைவெளி விட வேண்டும். இல்லாவிட்டால் மிதியின் விசை முழுவதும் பிளாஸ்டிக் உடம்பின் மேல் இறங்கி அதை உடைத்துவிடும்.

சாவி சுவிட்ச் மீண்டும் மீண்டும் கருகினால், சோலனாய்டின் சுமையை அது நேரடியாகச் சுமப்பதே காரணமாக இருக்கலாம். 12 வோல்ட், 40 ஆம்பியர் ரிலே (சிறிய மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இணைக்கும் சுவிட்ச்) ஒன்றை சோலனாய்டுக்கு அருகில் வைத்து, அதுவரை சோலனாய்டுக்கு வந்த ஒயரை ரிலேயின் 86 என்ற முனையிலும், எர்த்தை 85-லும், பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக வரும் புதிய ஒயரை 30-லும், சோலனாய்டின் சிறிய முனையை 87-லும் கொடுத்தால் சாவியும் மற்ற சுவிட்சுகளும் ரிலேயின் சிறிய மின்சாரத்தை மட்டுமே கடத்தும்.

கிளட்ச் சுவிட்சின் இரு ஒயர்களையும் முறுக்கிச் சேர்த்துவிடும் ‘தற்காலிக’ வைத்தியத்தை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். கியரில் நிற்கும் வண்டி ஸ்டார்ட் ஆகும் கணமே நகரும். முன்னால் நிற்பவருக்கு விலக நேரம் இருக்காது. வேலை முடிந்ததும் அடைகல்லை எடுக்காமல், நியூட்ரலிலேயே, கிளட்சை மிதிக்காமல் ஒருமுறையும், பி.டி.ஓ.வைப் போட்டபடி ஒருமுறையும் சாவியைத் திருப்பிப் பாருங்கள். இந்த நிலைகளில் ஸ்டார்ட்டைத் தடுக்கும் பூட்டுகள் உண்டு என்று உங்கள் வண்டியின் கையேட்டில் இருந்தால், இரண்டு முறையும் ஸ்டார்ட்டர் சுற்றக் கூடாது.