தலைவர் கடைசியில் பேசட்டும்

கேள்வி: ஏற்காடு மலைக் கிராமங்களில் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தும் சின்ன அறக்கட்டளை எங்களுடையது. மொத்தம் 11 பேர். வருஷா வருஷம் ஜூன் மாதம் நிதி திரட்ட யோசனைக் கூட்டம் போடுகிறோம். இரண்டு மணி நேரம் பேசி, மூன்று தடவை டீ குடித்து, கடைசியில் போன வருஷத்து அதே காலண்டர், அதே மாரத்தான் என்று முடிவாகிறது. புதுசாக யோசிக்க வைக்க என்ன செய்வது?
— வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: உங்கள் கூட்டத்தில் முதலில் வாய் திறப்பவர் யார்? கடிதத்தில் அதைச் சொல்லவில்லை, ஆனாலும் ஊகிக்க முடிகிறது. தலைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு "இந்த வருஷமும் மாரத்தானே வெச்சிடலாமா?" என்பார். வயதில் பெரியவர், துண்டு விழுந்த வருஷத்தில் கைக்காசு போட்டவர். அவர் சொன்ன பிறகு மூலையில் உட்கார்ந்திருக்கும் கல்லூரிப் பெண் "அது வேண்டாங்கய்யா" என்று சொல்லுவாளா என்ன? யோசனைக்குப் பஞ்சம் இல்லைங்க, அதை வெளியே எடுக்க இடம்தான் இல்லை.

கூடி உட்கார்ந்து மனதில் பட்டதை எல்லாம் சொல்லும் இந்த முறைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவர் அமெரிக்க விளம்பரக்காரர் அலெக்ஸ் ஆஸ்போர்ன். (ஆங்கிலத்தில் பிரெய்ன்ஸ்டார்மிங், தமிழில் மூளைப்புயல் என்கிறார்கள். சில கூட்டங்களைப் பார்த்தால் மூளைச்சலவை என்றே சொல்லிவிடலாம்.) குறை சொல்லாதே, கிறுக்குத்தனமாக இருந்தாலும் சொல், நிறையச் சொல், அடுத்தவர் சொன்னதன் மேல் கட்டு என்பதெல்லாம் அவர் வைத்த விதிகள். நல்ல விதிகள்தான். ஆனால் 1958-ல் யேல் பல்கலைக்கழகத்தில் சோதித்துப் பார்த்தபோது, நாலு பேர் கூடிப் பேசியதைவிட அதே மாதிரி நாலு பேர் தனித்தனியாக யோசித்து எழுதியதில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு யோசனை வந்தது. 1987-ல் ஜெர்மனியில் டீல், ஸ்ட்ரோபெ என்ற இரண்டு ஆய்வாளர்கள் முக்கியக் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் முறைக்காகக் காத்திருக்கிறார்கள், அந்த இடைவெளியில் தோன்றியது மறந்துபோகிறது, அல்லது இதைப் போய் எப்படிச் சொல்வது என்று விட்டுவிடுகிறார்கள்.

அதனால் முதல் அரைமணி நேரம் யாரும் பேச வேண்டாம், எழுதுங்கள். ஜெர்மனிக்காரர் பெர்ண்ட் ரோர்பாக் 1968-ல் சொன்ன ஒரு வழி இருக்கிறது: 6 பேர் வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு தாளில் 5 நிமிடத்தில் 3 யோசனை எழுத வேண்டும், அப்புறம் தாளைப் பக்கத்தில் இருப்பவரிடம் தள்ளிவிட வேண்டும், அவர் அதைப் படித்துவிட்டு அதன் கீழே இன்னும் 3. ஆறு சுற்று முடிந்தால் 108 யோசனை. பிள்ளையாருக்கு உடைக்கிற தேங்காய்க் கணக்கு மாதிரியே வருகிறது, பாருங்கள். அதில் 90 குப்பைதான், இருக்கட்டும். நீங்கள் 11 பேர் என்பதால் வெளியாள் ஒருவரைச் சேர்த்து இரண்டு வட்டமாக உட்காருங்கள். உங்களிடம் படித்து வளர்ந்த பையன், பிள்ளைகளை ஏற்றிவரும் ஆட்டோக்காரர், யாராக இருந்தாலும் சரி. தலைவரும் எழுதலாம், ஆனால் பேசுவது கடைசியில்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மொட்டை மாடியில் நடந்த இப்படி ஒரு கூட்டத்தில் நானும் இருந்தேன். ஆள் குறைகிறது என்று டீ கொண்டுவந்த அக்காவையும் உட்கார வைத்துவிட்டோம். அவருக்கு எழுத வராது, பக்கத்தில் இருந்தவர் கேட்டு எழுதினார்: "ஜோடி தொலஞ்ச ஒத்தக் கொலுசு எல்லா வீட்லயும் கெடக்கும், கேட்டா குடுப்பாங்க." கொலுசுப் பட்டறை தெருவுக்குத் தெரு இருக்கிற ஊர் இது, அதிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் நாங்கள், ஒருத்தருக்கும் தோன்றவில்லை. வீடு வீடாகப் போனதில் ஒரு தூக்குச்சட்டி நிறைந்தது. தெரிந்த பட்டறைக்காரர் ஒருவர் கூலி வாங்காமல் உருக்கிக் கொடுத்தார். முந்தைய வருஷ மாரத்தானில் டீ-ஷர்ட், மேடை, மைக்செட் செலவு போக மிஞ்சியதைவிட இதில் அதிகம் நின்றது. ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பொருளாகத் தரும் நன்கொடைக்குக் கொடுத்தவருக்கு வருமான வரிச்சலுகை கிடையாது. ரொக்கமாக 2000 ரூபாய்க்கு மேல் கொடுத்தாலும் கிடையாது.

அதே கூட்டத்தில் ரூபாய் 100-க்குக் குலுக்கல் சீட்டு, முதல் பரிசு பைக் என்றும் ஒருவர் எழுதியிருந்தார். எழுதும்போது யாரும் சிரிக்கவில்லை, அதுதான் முறை. பிறகு நல்லதைச் சலித்து எடுக்கும்போது அதைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டோம். லாட்டரிக்குத் தமிழ்நாட்டில் 2003 முதல் தடை இருக்கிறது, தர்ம காரியம் என்று சொல்லிப் போலீஸ் ஸ்டேஷன் படி ஏற வேண்டாமே.

இன்னொன்று, "நிதி எப்படித் திரட்டலாம்?" என்று கேட்டால் எவருக்கும் காலண்டர்தான் ஞாபகம் வரும். கேள்வியைச் சின்னதாக்குங்கள். லீ பஜார் மொத்த வியாபாரி பணம் தரமாட்டார், வேறு என்ன தருவார்? மே மாத மலர்க் கண்காட்சிக்கு ஏற்காடு வந்த குடும்பம் 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி அடிவாரம் சேர்வதற்குள் நமக்கு 100 ரூபாய் ஏன் தர வேண்டும்? புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் ஆடியில் மொய் விருந்து வைக்கிறார்களே, அதை நம் பிள்ளைகள் பெயரில் வைத்தால் யார் வருவார்கள்? இப்படிக் கேட்டால் பேனா தானாக ஓடும். கூட்டத்தையும் தை மாதத்துக்கு மாற்றுங்கள். ஜூனில் உட்கார்ந்தால் மே மாதச் சுற்றுலாக் கூட்டம் மலை இறங்கிப் போயிருக்கும்.

கேள்வி: எங்கள் குழுவில் யோசனை சொன்னவர் தலையிலேயே வேலை விழுகிறது. அதனால் யாரும் வாயே திறப்பதில்லை.
— வாசகர், ஆத்தூர்

பதில்: நானும் அப்படி மாட்டிக்கொண்டு ஒரு ஞாயிறு முழுக்க நாற்காலி சுமந்திருக்கிறேன். தாளில் பெயர் போடாமல் எழுதச் சொல்லுங்கள். யார் செய்வது என்ற பேச்சை அன்றைக்கு எடுக்கவே வேண்டாம், ஒரு வாரம் கழித்துத் தனியாக வையுங்கள். அப்போது சொன்னவரே முன்வந்தால் நல்லது, வராவிட்டால் அவரைச் சுட்டிக் காட்டாதீர்கள்.

கேள்வி: சிங்கப்பூரில் இருக்கும் சொந்தக்காரர்களிடம் கேட்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. வாங்கலாமா?
— வாசகி, ஓமலூர்

பதில்: அவர் கையில் இருப்பது எந்த நாட்டு பாஸ்போர்ட் என்று முதலில் கேளுங்கள். இந்தியக் குடிமகனாக இருந்து சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நிதி ஆகாது. சிங்கப்பூர் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால் அது வெளிநாட்டு நிதிதான், நம் அத்தை மகனாகவே இருந்தாலும். அதற்கு எஃப்சிஆர்ஏ என்கிற வெளிநாட்டு நிதிச் சட்டத்தின் கீழ் பதிவோ முன் அனுமதியோ வேண்டும், பணமும் டெல்லி ஸ்டேட் வங்கிக் கிளையில் அதற்கென்று திறந்த கணக்குக்குத்தான் வரவேண்டும். அது இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள். அடுத்த தடவை அவர் ஊருக்கு வரும்போது பிள்ளைகளைப் பார்க்க மட்டும் கூட்டிக்கொண்டு போங்கள்.