ஆயா கூட போன் பேச விடலாமா?

கேள்வி: நானும் வீட்டுக்காரரும் பெங்களூர்ல கட்டட வேலைல இருந்தோம், பையன 8 மாசத்துல பென்னாகரம் பக்கத்துல எங்கம்மாகிட்ட, அதான் அவனோட ஆயாகிட்ட, விட்டுட்டோம். இப்ப ஓசூர்ல கம்பெனி வேலை, அவனுக்கு 5 வயசு, 4 மாசம் முன்னாடி கூட்டிட்டு வந்து யூகேஜி சேத்தோம். ஒரு வாரம் அழுதான், அப்பறம் அழுகையே இல்ல. விழுந்து முட்டி கிழிஞ்சாலும் என்கிட்ட வராம அவனே கழுவிக்கறான். தலகாணிக்கு அடியில பிஸ்கட் ஒளிச்சு வெக்கறான். பக்கத்து வீட்டு அக்காவ அம்மாங்கறான். ஆயாகூட போன் பேசறத நிறுத்துனாதான் நம்மகிட்ட ஒட்டுவான்னு அவங்கப்பா சொல்றார். நிறுத்தட்டுமா? - பேர் வேண்டாம், ஓசூர்

பதில்: நிறுத்தாதீங்க தங்கச்சி. ஞாயித்துக்கெழம ராத்திரி தர்மபுரி பஸ் ஸ்டாண்டுல பெங்களூர் வண்டிக்கு நிக்கற கூட்டத்துல உங்கள மாதிரி எத்தன அம்மாங்க, பொழப்புக்குத்தான் போனீங்க, அதுக்காக உங்களயே திட்டிக்காதீங்க. ஆனா அவன் பக்கம் யோசிச்சு பாருங்க, பசிச்சா சோறு ஊட்டி, காய்ச்சல்னா மடியில போட்டு ராத்திரி பூரா முழிச்சிருந்தது ஆயா, அவன் மனசுல அம்மாங்கற எடம் அவங்களுக்குத்தான், 4 மாசம் முன்னாடி அவன் தொலைச்சது அவனோட அம்மாவ.

கொழந்தைங்களுக்கு வர்ற இந்த ஒட்டுதல பத்தி பெருசா ஆராய்ச்சி பண்ணவர் ஜான் பௌல்பி, லண்டன்ல 1907ல பொறந்த டாக்டர். அவரயும் சின்ன வயசுல வளத்தது வீட்டுல வேலைக்கு வெச்ச ஒரு ஆயாம்மாதான், அவருக்கு 4 வயசு ஆகறப்ப அந்தம்மா வேலைய விட்டு போனது பெத்த தாய எழந்த மாதிரி இருந்துச்சுன்னு பிற்பாடு அவரே சொல்லிருக்கார். ஆஸ்பத்திரில தனியா விடப்பட்ட கொழந்தைங்கள அவரும் கூட வேல பாத்தவங்களும் கவனிச்சாங்க: மொதல்ல கத்தி அழும், அப்பறம் சோந்து போயி அமைதியாயிடும், கடைசில அம்மாவே வந்து நின்னாலும் கண்டுக்காது. நர்சுங்க அத பாத்து கொழந்த பழகிடுச்சுன்னு நெனச்சாங்களாம். உங்க பையன் அழுகைய நிறுத்துனதும் பழகிட்டதால இல்லன்னுதான் எனக்கு படுது, அழுதா யாரும் வரமாட்டாங்கன்னு அவனே முடிவு பண்ணிட்டான்.

அதனால ஆயா இன்னும் இருக்காங்கன்னு அவனுக்கு தெரியணும். தினம் ஒரே நேரத்துல போன், முடிஞ்சா அவங்கள ஒரு மாசம் வரவெச்சு நீங்களும் கூடவே இருந்து அவங்க எப்படி தூங்க வெக்கறாங்க, களிய எப்படி உருட்டி குடுக்கறாங்கன்னு பாத்துக்கோங்க, திரும்பி போறப்ப ஒரு பழைய சீலைய விட்டுட்டு போகட்டும், அவன் தூங்கற எடத்துல கெடக்கட்டும். அவன் தூங்கறப்ப சொல்லாம கெளம்பறது மட்டும் வேண்டவே வேண்டாம், வேலைக்கு போறப்ப சொல்லிட்டு போங்க, சொன்ன நேரத்துக்கு வாங்க. பிஸ்கட்டுக்கு திட்டாதீங்க, கைக்கு எட்டற எடத்துல அவனுக்குன்னு ஒரு டப்பா, அது காலியாகாம பாத்துக்கோங்க. விழுந்தா அவன் கூப்பிடலன்னாலும் போங்க, கைய தட்டி விட்டா கோவிக்காம பக்கத்துலயே உக்காருங்க, நாளைக்கும் அதேதான். "ஊருக்கே அனுப்பிடுவேன்"னு வெளையாட்டுக்கு கூட சொல்லிடாதீங்க, மறுபடியும் தன்ன விட்டுடுவாங்களோன்னுதான் அவன் பயப்படறதே.

மாசக்கணக்கா ஆகும், வருசமும் ஆகலாம். தலைய செவுத்துல முட்டிக்கறது, பேச்சு கொறையறது, யாரு கூப்பிட்டாலும் கூட போயிடறதுன்னு இருந்தா தள்ளிப்போடாம கிருஷ்ணகிரி இல்லன்னா தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போங்க. மனநல உதவிக்கு அரசாங்கத்தோட போன் நம்பர் இருக்கு, டெலி மானஸ் 14416, எந்நேரமும் கூப்பிடலாம், தமிழ்லயே பேசுவாங்க, காசு இல்ல.

இன்னிக்கு சாயங்காலமே ஆயாவுக்கு போன் போட்டு அவன் கையில குடுங்க, அவங்கப்பாவும் பக்கத்துல உக்காரட்டும்.