கன்றைச் சுமக்கும் வயிறு யாருடையது?

கேள்வி: கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஆறு கறவை மாடு வைத்துப் பிழைக்கிறோம். அதில் ஒரு கலப்பின மாடு நாலு ஈத்து ஆகியும் மடிநோய் என்று ஒருநாள் படுத்ததில்லை. கறவையில் இன்றும் அதுதான் முதல். வயதாகிறது. கர்னாலில் மாட்டின் செல்லை எடுத்து அச்சாக அதே மாதிரிக் கன்றை உண்டாக்கியிருக்கிறார்கள் என்று மகன் சொல்கிறான். எங்கள் மாட்டுக்கும் அப்படிச் செய்ய வழி உண்டா? பக்கத்து வீட்டுச் சேச்சி, அது தெய்வத்துக்கு அடுக்காத காரியம் என்கிறார். இன்னொன்றும் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. என் நாத்தனாரின் ஒரே மகன் போன வருடம் விபத்தில் போய்விட்டான். மாட்டுக்கு ஆகும் என்றால் மனிதனுக்கு மட்டும் ஏன் தடுக்கிறார்கள்? பெற்றவளுக்கு அந்தப் பிள்ளை மறுபடி கிடைத்தால் யாருக்கு என்ன நஷ்டம்?
(பெயர் போட வேண்டாம் என்று எழுதிய வாசகி, சித்தூர் வட்டம், பாலக்காடு மாவட்டம்)

பதில்: கோபிக்க என்ன இருக்கிறது அம்மா? குளோனிங் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வியையே கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். யாருக்கு என்ன நஷ்டம்? மாடோ மனிதனோ, அதற்குப் பதில் தெரியாமல் சரி என்றும் சொல்லக் கூடாது, தப்பு என்றும் சொல்லக் கூடாது. உங்கள் நாத்தனார் விஷயத்தையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

அந்தப் பிள்ளை மறுபடி கிடைக்க மாட்டான். சட்டம் விட்டாலும் கிடைக்க மாட்டான். குளோனிங்கில் நடப்பது இதுதான்: ஓர் உயிரின் தோலிலிருந்தோ வேறு இடத்திலிருந்தோ ஒரு செல்லை எடுக்கிறார்கள். வேறொரு தாயின் கருமுட்டையிலிருந்து உட்கருவை நீக்கிவிட்டு, இந்தச் செல்லை அதனுடன் சேர்த்து, லேசாக மின்சாரம் பாய்ச்சிக் கருவாக வளரத் தூண்டுகிறார்கள். அந்தக் கருவை இன்னொரு தாயின் வயிற்றில் வைக்கிறார்கள். பிறப்பது, பல வருடம் தள்ளிப் பிறந்த ஓர் இரட்டை. இறந்தவன் வேறு, இவன் வேறு. உங்கள் ஊரிலும் ஒரே அச்சில் இரட்டைப் பிள்ளைகள் இருப்பார்கள். அதில் ஒருவன் இறந்தால், இன்னொருவன் இருக்கிறானே என்று அந்தத் தாயிடம் யாராவது சொல்வார்களா?

2001 டிசம்பரில் அமெரிக்காவின் டெக்சாஸில் ரெயின்போ என்ற பூனையைக் குளோன் செய்தார்கள். ரெயின்போ மூன்று நிறம் கலந்த பூனை. பிறந்த குட்டிக்கு அந்த ஆரஞ்சு நிறமே இல்லை. மரபணு ஒன்றேதான், ஆனால் எந்த செல்லில் எந்த மரபணு விழித்திருக்கும், எது தூங்கும் என்பது கருவிலேயே வேறு மாதிரி அமைந்துவிட்டது. தோலின் நிறத்துக்கே உறுதி இல்லாதபோது, அம்மாவைக் கூப்பிடும் குரலும் வாசலில் செருப்பை உதறும் விதமும் எப்படித் திரும்ப வரும்? அப்படி ஒரு பிள்ளை பிறந்தால், முதல் நாளிலிருந்தே செத்துப்போன அண்ணனின் சட்டையைப் போட்டுக்கொண்டு அவன் வளர வேண்டும். படிப்பில் பின்தங்கினால் 'அவன் இப்படி இல்லையே' என்பார்கள். அவனுக்கு என்று ஒரு முகம் இருக்காது. முதல் நஷ்டம் அவனுக்கு.

அடுத்த நஷ்டம் பெண்களுக்கு. டாலி என்ற செம்மறி ஆடு 1996 ஜூலை 5 அன்று ஸ்காட்லாந்தின் ரோஸ்லின் ஆய்வு நிறுவனத்தில் பிறந்தது. வளர்ந்த விலங்கின் செல்லிலிருந்து பிறந்த முதல் பாலூட்டி. இதற்காக 277 கருமுட்டைகளில் செல்லைச் சேர்த்துப் பார்த்தார்கள். அதில் 29 மட்டும் கருவாகத் தேறின. 13 ஆடுகளின் வயிற்றில் அவற்றை வைத்தார்கள். பிறந்து பிழைத்தது ஒரே ஒரு குட்டி. அந்த ஆடுகள் இருந்த இடத்தில் பெண்களை வைத்து நினைத்துப் பாருங்கள். தென்கொரியாவில் ஹ்வாங் ஊ-சுக் என்ற விஞ்ஞானி, குளோன் செய்த மனிதக் கருவிலிருந்து, எந்தத் திசுவாகவும் வளரக்கூடிய மூலச் செல்லை எடுத்துவிட்டதாக 2004, 2005 ஆண்டுகளில் அறிவித்தார். விசாரணையில் எல்லாம் புனைந்த கணக்கு என்று தெரிந்தது. அந்தப் பொய்க்காக இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கருமுட்டைகளைப் பெண்களிடமிருந்து எடுத்திருந்தார்கள். சிலருக்குப் பணம் கொடுத்திருந்தார்கள். அவருடைய ஆய்வகத்தில் வேலை பார்த்த பெண்களும் கொடுத்திருந்தார்கள். மேலதிகாரி கேட்கும்போது முடியாது என்று சொல்ல எத்தனை பேரால் முடியும்? நம் நாட்டில் 2021 சட்டம் வரும்வரை காசுக்கு வாடகைத் தாயாகப் போனவர்கள் எந்த வீட்டுப் பெண்கள் என்று உங்களுக்கே தெரியும். மனிதக் குளோனிங் நடந்தால் சுமப்பவர்களும் அவர்களாகத்தான் இருப்பார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வழிகாட்டு நெறிகள் மனிதனைக் குளோன் செய்து பிறக்க வைப்பதைத் தடை செய்திருக்கின்றன. அந்தத் தடை நியாயமானது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இதனால் மருத்துவத்துக்குப் பயனே இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ரோஸ்லினிலேயே 1997இல் பாலி என்ற ஆடு பிறந்தது. ரத்தம் உறைவதற்கு வேண்டிய ஒரு புரதம் சிலருக்குப் பிறவியிலேயே குறைவு, சின்னக் காயம் பட்டாலும் ரத்தம் நிற்காது. அந்தப் புரதத்தைப் பாலில் சுரக்க வேண்டும் என்றே பாலியை உருவாக்கினார்கள். ஜப்பானின் ஷின்யா யமனாகா 2006இல் எலியின் தோல் செல்லையும், மறுவருடம் மனிதத் தோல் செல்லையும், அப்படிப்பட்ட மூலச் செல்லாக மாற்றிக் காட்டினார். கருமுட்டை வேண்டாம், யார் வயிறும் வேண்டாம். தவளையில் குளோனிங்கைக் காட்டிய ஜான் கர்டனோடு சேர்த்து 2012இல் அவருக்கு நோபல் கொடுத்தார்கள். பார்வை போனவர்களுக்கும் நடுக்குவாத நோயாளிகளுக்கும் இந்த வழியில் சிகிச்சை தேடுகிறார்கள். இதற்கு அரசாங்கம் எவ்வளவு பணம் கொடுத்தாலும் நான் ஆதரிப்பேன்.

சேச்சி சொன்னதைத் தட்டிப் பேச மனம் வரவில்லை, ஆனால் ஒப்புக்கொள்ளவும் முடியவில்லை. வேலியோரம் முருங்கைப் போத்து நட்டிருப்பார் அல்லவா? அதுவும் தாய்மரத்தின் குளோன்தான். டிஷ்யூ கல்ச்சர் நேந்திரன் கன்றும், கேரளம் முழுக்க ஒட்டுக்கட்டி நட்ட ஆர்.ஆர்.ஐ.ஐ. 105 ரப்பரும் குளோன்தான். செடிக்கு வலியில்லை. சினை மாட்டுக்கு உண்டு. நான் கோடு கிழிப்பது அந்த இடத்தில்.

சரி, உங்கள் மாட்டுக்கு வருவோம். மகன் சொன்னது உண்மை. கர்னாலில் உள்ள தேசியப் பால்வள ஆராய்ச்சி நிலையத்தில், விலை கூடின கருவிகள் அதிகம் வேண்டாத ஒரு முறையை வகுத்து, 2009 பிப்ரவரியில் ஓர் எருமைக் கன்றை உண்டாக்கினார்கள். அது நுரையீரல் தொற்றில் சில நாளிலேயே இறந்தது. ஜூனில் பிறந்த கரிமா இரண்டு வருடம் இருந்தது. 2010இல் பிறந்த கரிமா-2 வளர்ந்து, சினைப்பட்டு, 2013 ஜனவரியில் கன்று ஈன்றது. 2023 மார்ச்சில் கங்கா என்ற கிர் இனப் பசுக்கன்று 32 கிலோ எடையோடு பிறந்தது. நம் விஞ்ஞானிகளின் சாதனை, பெருமைப்படலாம். ஆனால் இது ஆய்வகத்தில் நடப்பது. மாட்டாஸ்பத்திரியில் சினை ஊசி போடுவதுபோல வீட்டு வாசலுக்கு வரும் விஷயமாக இன்னும் ஆகவில்லை.

வந்தாலும் அவசரப்படாதீர்கள். குளோன் கரு வைத்த மாடுகளில் பல பாதியிலேயே கருவை இழக்கும். நஞ்சுக்கொடி சரியாக வளராது, வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும், கன்று அளவுக்கு மீறிப் பெருத்துவிடும். பெருத்த கன்று எப்படிப் பிறக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வேலந்தாவளம் பக்கம் ஒரு கொட்டகையில் நான் பார்த்தேன். அது குளோன் அல்ல, சாதாரண சினைதான். டாக்டர் தோள்வரை கையை விட்டுக் கன்றின் முன்னங்கால் இரண்டிலும் கயிறு மாட்டினார். மாடு முக்கும் நேரம் பார்த்து நாலு ஆம்பிளைகள் இழுத்தார்கள். மாடு கத்தவில்லை. ஒருக்களித்துப் படுத்து, நாக்கு வெளியே தள்ள, கண் மட்டும் வீட்டுக்காரம்மா இருந்த பக்கமே திரும்பியிருந்தது. அந்த அம்மா மாட்டின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, டாக்டரிடம் 'கன்று போனால் போகட்டும் சார், இவளை விட்டுடாதீங்க' என்று சொல்லிக்கொண்டே இருந்தார். உங்கள் நல்ல மாட்டின் நகல் வேண்டும் என்று மற்ற ஐந்தில் ஒன்றை இந்த வேதனைக்கு விடுவீர்களா?

இன்னொரு கணக்கும் உண்டு. அந்த மாடு மடிநோயில்லாமல் நாலு ஈத்து கண்டதில் மரபணுவின் பங்கு கொஞ்சம், உங்கள் கையின் பங்கு அதிகம். தரை காய்ந்திருக்கிறதா, கறக்கும் முன் காம்பைக் கழுவுகிறீர்களா, கறந்ததும் மாடு உடனே சாணியில் படுக்காமல் பார்க்கிறீர்களா, இதையெல்லாம் செல்லோடு சேர்த்து எடுக்க முடியாது. அப்புறம், நகல் என்பது இருந்த இடத்திலேயே நிற்பது. நல்ல காளையின் விந்தில் பிறக்கும் கிடாரி தாயை மிஞ்சலாம். நகல் மிஞ்சாது. வட்டாரம் முழுக்க ஒரே மாட்டின் நகலை வளர்த்தால், ஒரு புது நோய் வந்தால் எல்லாம் ஒன்றாகப் படுக்கும். உலகத்துக்கே ஏற்றுமதியான குரோ மிஷல் என்ற வாழை ரகம், எல்லாக் கன்றும் ஒரே மரபணு என்பதால், பனாமா வாடல் நோயில் போன நூற்றாண்டின் நடுவில் வியாபாரத்திலிருந்தே போய்விட்டது.

கேரளத்துக்காரர்கள் மறக்கக் கூடாத உதாரணம் வெச்சூர் பசு. மூன்றடி உயரம்கூட எட்டாத சின்ன மாடு. 1961இல் வந்த கால்நடை மேம்பாட்டுச் சட்டம் உரிமம் இல்லாத நாட்டுக் காளைகளைக் காயடிக்கச் சொன்னது. கலப்பினம் பெருகியது, வெச்சூர் கிட்டத்தட்ட அழிந்தே போனது. 1989இல் சோசம்மா ஐப் என்ற கால்நடைப் பேராசிரியை மாணவர்களோடு ஊர் ஊராகத் தேடி, மிஞ்சிய மாடுகளை மண்ணுத்தி கால்நடைக் கல்லூரியில் சேர்த்தார். சில வருடம் கழித்து, டாலியை உருவாக்கிய அதே ரோஸ்லின் நிறுவனம் வெச்சூரின் மரபணுவுக்குக் காப்புரிமை வாங்கிவிட்டது என்று ஒரு குற்றச்சாட்டு கிளம்பி அந்த அம்மாவை வதைத்தது. ஆதாரமில்லாத குற்றச்சாட்டு என்று பிறகு தெரிந்தது. 2022இல் அவருக்குப் பத்மஸ்ரீ. குளோனிங் இல்லாமல், காளையும் பசுவும் சேர்ந்து, மாடு வளர்ப்பவர்கள் கையில்தான் அந்த இனம் மீண்டது.

இனம் காக்கக் குளோனிங்கே வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் கருங்கால் மரநாய் என்ற சின்ன விலங்கினம், மிஞ்சியிருந்த ஏழே ஏழு விலங்குகளின் சந்ததியாக மீண்டது. 1988இல் உறைய வைத்த, வாரிசில்லாமல் செத்த ஒரு பெண் விலங்கின் செல்லிலிருந்து 2020 டிசம்பரில் ஒரு குட்டி பிறந்தது. இனத்துக்கு இல்லாமல் போன மரபணுவைத் திருப்பிக் கொண்டுவந்த வேலை அது. அப்படிப்பட்ட இடத்தில், தாய் விலங்கைப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டு செய்தால் எனக்குச் சம்மதம். நம் நாட்டு இனங்களின் செல்லையும் விந்தையும் இப்போதே உறைய வைத்துப் பாதுகாக்க வேண்டும். அதற்கு மாட்டின் காதில் துளி தோல் எடுத்தால் போதும்.

உங்கள் மாட்டின் வயிற்றில் பிறந்த கிடாரிகள் எத்தனை கையில் இருக்கின்றன என்று நீங்கள் எழுதவில்லை. ஒன்றிருந்தாலும் அதை விற்காதீர்கள். இல்லை என்றால், அடுத்த பருவத்துக்கு வரும்போது கிடாரியே பிறக்கும்படி பிரித்த விந்து கிடைக்குமா என்று மாட்டாஸ்பத்திரியில் கேளுங்கள். நூற்றுக்குத் தொண்ணூறு அளவுக்குக் கிடாரிதான் பிறக்கும். பாலக்காட்டுக்குப் பக்கத்தில் தோணியிலேயே கால்நடை மேம்பாட்டு வாரியத்தின் பொலிகாளைப் பண்ணை இருக்கிறது. மகள்களின் கறவையை அளந்து தேர்ந்தெடுத்த காளையின் விந்தே வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். ஐந்தாம் ஈத்துக்கு மாட்டின் உடம்பு தாங்குமா என்று டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகு போட்டால் போதும்.