பத்தாம் வகுப்பு மகளுக்கு எவ்வளவு கடினமான கணக்குகளைக் கொடுக்கலாம்?

எளிய கணக்கு கொடுத்தால் அலட்சியமாக முடித்துவிடுகிறாள், கடினமானது கொடுத்தால் நோட்டை மூடிவிட்டு எழுந்துவிடுகிறாள் என்று கேட்டிருக்கிறீர்கள். அம்பாசமுத்திரம் பக்கம் மாலை நேரங்களில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். நான் பார்த்தவரையில், பெரியவர்கள் கணக்கைக் கடினமாக்குவதாக நினைத்து எண்களைத்தான் பெரிதாக்குகிறார்கள். ஆரம் 7 என்பதை 13.73 என்று மாற்றினால் பெருக்கல் நீளும், கை வலிக்கும். யோசிக்க ஒன்றும் இருக்காது. எந்த வழியில் போவது என்று பிள்ளையே முடிவெடுக்கும் இடத்தில்தான் கடினம் இருக்க வேண்டும்.

பிசான அறுவடை முடிந்ததும் இங்கே களத்தில் நெல்லைக் குவித்திருப்பார்கள். குவியல் ஏறக்குறைய கூம்புதான். ஆரம் 5.6 அடி, உயரம் 4.2 அடி என்று சொல்லிக் கன அளவு கேட்டால் எல்லோரும் போட்டுவிடுவார்கள். உயரத்தைச் சொல்லாமல், உச்சியிலிருந்து அடிவிளிம்புவரை சரிவு 7 அடி என்றால் சிலர் பென்சிலைக் கடிப்பார்கள். பிதாகரஸ் நினைவுக்கு வர வேண்டும். ஆரத்தையும் மறைத்துவிட்டு, அடியைச் சுற்றிக் கயிறு பிடித்தால் 35.2 அடி என்று மட்டும் சொன்னால்? களத்தில் நிற்பவருக்கு உண்மையில் கிடைப்பது இந்த இரண்டு அளவுகள்தான். குவியலுக்குள் புகுந்து ஆரத்தை யார் அளப்பது? மூன்றுக்கும் விடை ஒன்றே, சுமார் 138 கன அடி. உங்கள் மகளுக்கு முதலாவது சலிப்பு, மூன்றாவது அழுகை என்றால் இரண்டாவதில் தொடங்குங்கள்.

அடுத்தது, கணக்குகளைக் கலப்பது. கூம்புக் கணக்குகளாகவே வரிசையாகப் போட்டுவரும் பையனிடம் நடுவில் ஓர் அரைக்கோளத்தைச் செருகினால், "சார், இது எந்தப் பயிற்சிக் கணக்கு?" என்று கேட்பான். பயிற்சி எண் தெரிந்தால் சூத்திரம் தெரிந்துவிடும் அல்லவா! அமெரிக்காவில் ரோரர், டெய்லர் என்ற இருவர் கல்லூரி மாணவர்களுக்குக் கன அளவுக் கணக்குகளையே கொடுத்து இதைச் சோதித்து, 2007-இல் வெளியிட்டார்கள். வகை வகையாகப் பிரித்துப் பயின்றவர்கள் பயிற்சியின்போது 89 சதவீதம் சரியாகப் போட்டார்கள். கலந்து பயின்றவர்கள் 60தான். ஒரு வாரம் கழித்து நடந்த தேர்வில் முன்னவர்கள் 20, பின்னவர்கள் 63. எனவே கலந்து கொடுக்கத் தொடங்கியதும் மதிப்பெண் சரிந்தால் பதறிப்போய் டியூஷனை மாற்றாதீர்கள். சூத்திரமே இன்னும் பிடிபடாத பிள்ளைக்குக் கலந்து கொடுப்பது மட்டும் வீண்.

நூற்றுக்கு 85 சரியாக வர வேண்டும் என்று ஒரு விதி இணையத்தில் சுற்றுகிறது. அது, 2019-இல் வந்த ஓர் ஆய்வு, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வகைக் கற்றலுக்குக் கணித மாதிரிகளைக் கொண்டு கண்ட அளவு. அளவியல் பாடத்துக்கு அதை அப்படியே பொருத்த முடியாது.

நான் பார்ப்பது நோட்டைத்தான். படம் வரைந்திருந்தால், தப்பாகவே வரைந்திருந்தாலும், பேசாமல் நகர்ந்துவிடுவேன். எழுதி எழுதி அழித்திருந்தால் ஒரே ஒரு கேள்வி: "ஏலே, கயிறு எதைச் சுற்றிப் போனது?" சூத்திரத்தைச் சொல்லமாட்டேன். நீங்களும் கைடை எடுத்து வைத்துவிடுங்கள். பெரும்பாலான கைடுகளில் விடையின் முதல் வரியே சூத்திரம்தான்.