இழுப்பறை அலமாரி: ஒரு தச்சரிடம் சில கேள்விகள்

வாடிக்கையாளர் சொல்லும் தேவைக்கேற்ப மரத்தில் இழுப்பறை அலமாரி செய்வது பற்றி வந்த கேள்விகளுக்கு, பட்டறை நடத்தும் மூத்த தச்சர் ஒருவர் தரும் பதில்கள்.

கேள்வி (சேலம்): ஐயா, நாட்டுமருந்துக் கடைக்காரர் ஒருவர் “நான்கடி உயரம், மூன்றடி அகலம், இருபது இழுப்பறை” என்று மட்டும் சொல்லி முன்பணம் கொடுத்துவிட்டார். எங்கே தொடங்குவது?

பதில்: கடையில் தொடங்குங்கள். உள்ளே என்ன வைக்கப் போகிறார் என்று கேட்டால் “எல்லாச் சரக்கும்தான்” என்பார். அந்தச் சரக்கை ஒருமுறை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். கடுக்காயும் திப்பிலியும் ஒரே ஆழத்தில் கிடக்க வேண்டியதில்லை. எது அன்றாடம் போகிறது, எது மாதத்துக்கு ஒருமுறை, எதை முறத்தால் அள்ளுகிறார், எதைக் கையால் எடுக்கிறார் என்று பாருங்கள். கை உள்ளே போய்ச் சரக்கோடு திரும்ப இடம் இல்லாத இழுப்பறை அவருக்குப் பயன்படாது. உள்ளளவை முடிவுசெய்து, அதன்மேல் பலகைத் தடிமன், இடைவெளி, கூட்டின் (இழுப்பறைகள் உட்காரும் வெளிச்சட்டகம்) தடிமன் எல்லாம் சேர்த்துக்கொண்டே வந்தால் வெளியளவு தானாகக் கிடைக்கும். நான்கடியைத் தாண்டினால் இரண்டு இழுப்பறையைக் குறைக்கலாமா என்று அப்போதே கேட்டுவிடுங்கள். பாரமும் ஆழமும் உள்ளவை கீழே, சிறியவை மேலே.

கேள்வி (கோவை): டெலஸ்கோப்பிக் சேனலுக்கு (இழுப்பறை ஓடுவதற்குப் பக்கத்தில் பொருத்தும், நீண்டு மடங்கும் உலோகத் தடம்) எவ்வளவு இடைவெளி விட வேண்டும்? ஒவ்வொருவரும் ஒன்று சொல்கிறார்கள்.

பதில்: உள்ளே குண்டுகள் உருளும் வழக்கமான சேனலுக்குப் பக்கத்துக்கு 12.7 மி.மீ., அதாவது அரை அங்குலம். இரண்டு பக்கமும் சேர்த்து 25.4. நான் 26 விடுவேன். கூட்டின் உள் அகலம் 450 என்றால் இழுப்பறைப் பெட்டியின் வெளி அகலம் 424. பக்கப் பலகை 12 மி.மீ. என்றால் உள்ளே சரியாக 400 கிடைக்கும். அரை மி.மீ. தளர்ந்தால் சேனல் தாங்கிக்கொள்ளும், இறுகினால் தாங்காது. பெட்டிக்குக் கீழே பொருத்தும் சேனலுக்கு இந்தக் கணக்கு செல்லாது. அதன் அட்டையில் உள்ள அளவைப் பின்பற்றுங்கள். எதுவானாலும் சேனலைக் கையில் வாங்கிய பிறகே மரத்தை அறுங்கள்.

கேள்வி (நாகப்பட்டினம்): முழுத் தேக்கில், சேனல் இல்லாமல் மரச்சட்டத்தின் மேலே ஓடும்படி செய்து கொடுத்தேன். ஐப்பசி, கார்த்திகையில் இறுகிக்கொள்கிறது, பங்குனியில் சரியாகிவிடுகிறது. பச்சை மரத்தைப் போட்டுவிட்டதாக வாடிக்கையாளர் சண்டைக்கு வருகிறார்.

பதில்: பச்சை மரமாக இருந்தால் காயக் காயச் சுருங்கி இடைவெளிதான் கூடும். உங்களுடையது மழைக்கு உப்புகிறது, வெயிலுக்கு வற்றுகிறது. நல்ல மரமும் அப்படித்தான் செய்யும். அதற்கு இடம் விடாததுதான் கோளாறு.

பலகை நீளவாக்கில் ஏறக்குறைய மாறாது, அகலவாக்கில்தான் பெருக்கும். மரத்தின் ஈரம் 4 சதவீதம் ஏறினால், தட்டையாக அறுத்த 300 மி.மீ. அகலத் தேக்குப் பலகை சுமார் 2 மி.மீ. விரியும். பக்கப் பலகையின் அகலவாக்கு இழுப்பறையில் எந்தத் திசையில் நிற்கிறது என்று பாருங்கள்: மேல்கீழாக. ஆகவே இறுகுவது பெரும்பாலும் உயரத்தில். இது தெரியாமல் பக்கங்களைச் சீவிச் சீவி, கோடையில் இழுப்பறையை ஆடவிட்டவர்கள் நிறையப் பேர்.

இறுகியிருக்கும் இந்த நாட்களிலேயே வெளியே எடுத்துப் பக்கப் பலகையின் மேல்விளிம்பைச் சாய்த்துப் பாருங்கள். உரசிய இடம் மட்டும் பளபளக்கும். இழைப்புளியால் அதை மெல்ல வாங்குங்கள். ஓடும் விளிம்பில் மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் போதும். எண்ணெய் வேண்டாம், தூசியைப் பிடித்துக்கொள்ளும். அடுத்த முறை கோடையில் செய்தால் 200 மி.மீ. உயர இழுப்பறைக்கு மேலே 2 முதல் 3 மி.மீ. விடுங்கள். மழைக்காலத்தில் செய்தால் ஒன்று போதும்.

அடிப்பலகையும் முழு மரம் என்றால் அதன் ரேகை இடவலமாக ஓட வேண்டும். முன்பக்கம் மட்டும் பசை. பின்பக்கம் நீள்துளையில் ஒரு திருகு. நான்கு பக்கமும் பசை போட்டு இறுக்கினால் ஒன்று அடி பிளக்கும், இல்லை மூட்டு விடும்.

கேள்வி (மதுரை): காரைக்குடியில் பழைய வீடுகளைப் பிரித்த பர்மா தேக்கு கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: தாராளமாக. பல்லாண்டு காய்ந்த மரம். ஆனால் பழைய ஆணி உள்ளே முறிந்து கிடக்கும். காந்தத்தை ஓட்டிப் பார்க்காமல் ரம்பத்தில் வைக்காதீர்கள். ஓரத்தில் வெளிறிய பகுதி இருந்தால் அறுத்து எறியுங்கள். கரையானைத் தாங்குவது வைரம் பாய்ந்த பகுதிதான். தேக்கு என்ற பேர் இருக்கிறதே என்று வெளிறிய பகுதியைப் பூச்சி விட்டுவைக்காது.

கேள்வி (திருச்சி): பலகை முனைகளைப் புறா வால் வடிவில் வெட்டிக் கோக்கும் புறாவால் இணைப்புதான் வேண்டும் என்கிறார் வாடிக்கையாளர். பிளைவுட் பெட்டிக்கு அது தேவையா?

பதில்: தேவையில்லை. முழு மரத்தில் அழகு, உறுதி இரண்டும் தரும். பிளைவுட்டில் உளி பட்டால் மேல்தாள் பெயரும். காசு கொடுக்கிறார் என்பதற்காகச் செய்யாதீர்கள்.

கேள்வி (சென்னை): ஐயா, குழந்தைகள் அறைக்கு ஐந்து இழுப்பறை அலமாரி செய்யச் சொல்லியிருக்கிறேன். ஆசாரியிடம் எதை வலியுறுத்த வேண்டும்?

பதில்: சுவரோடு பிணைக்கச் சொல்லுங்கள் அம்மா. மரம், நிறம், கைப்பிடி எல்லாம் அதற்குப் பிறகு. குழந்தை இழுப்பறைகளைத் திறந்து படியாக ஏறினால் முழு அலமாரியும் முன்னால் சாயும். மேலே, பின்பக்கச் சட்டத்திலிருந்து சுவருக்கு இரண்டு இரும்புக் கோணங்கள். வாடகை வீட்டுக்காரர் துளைபோட விடமாட்டார் என்றால் உயரத்தைக் குறைத்து அகலப்படுத்துங்கள். அப்போதும் ஒரு துளைக்கு அனுமதி கேட்டுப் பார்ப்பது நல்லது.

கேள்வி (ஈரோடு): உள்ளே வார்னிஷ் அடித்தேன். மாதங்கள் ஆகியும் துணியில் வாடை ஏறுகிறது.

பதில்: மூடிய இடத்தில் எண்ணெய் கலந்த பூச்சின் வாடை லேசில் போகாது. உள்ளே ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு மட்டும் பூசுங்கள், அல்லது உப்புத்தாள் தேய்த்து அப்படியே விட்டுவிடுங்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): கூலியை எப்படிக் கணக்கிடுவது? கன அடிக்கா, சதுர அடிக்கா?

பதில்: இழுப்பறைக்கு இவ்வளவு என்று. ஒரே கூட்டில் ஆறு இழுப்பறைக்குப் பதில் பன்னிரண்டு போட்டால் மரம் கொஞ்சம்தான் கூடும், வேலை ஏறக்குறைய இரட்டிப்பாகும். சதுர அடிக்குப் பேசியவர் அந்த வேலையை இலவசமாகச் செய்கிறார்.

கேள்வி (திருநெல்வேலி): பட்டறையில் சரியாக இருந்தது. வாடிக்கையாளர் வீட்டில் வைத்ததும் முகப்புகளின் இடைவெளி கோணலாகத் தெரிகிறது, ஓர் இழுப்பறை தானாகத் திறந்துகொள்கிறது.

பதில்: வீட்டுத் தரை மட்டமாக இராது. ரசமட்டம் வைத்துப் பார்த்து, தாழ்ந்த காலின் கீழ் ஆப்புக் கொடுங்கள். பாதிக் கோணல் அங்கேயே நிமிரும். இனி முகப்புப் பலகைகளைப் பட்டறையில் முடித்துவிடாமல், அலமாரி நிற்க வேண்டிய இடத்தில் நின்ற பிறகு திருகுங்கள். 2 மி.மீ. அட்டைத் துண்டுகளை இடையில் செருகி, கீழிருந்து மேலே ஒவ்வொன்றாக.