கிராபிக்ஸ் கார்டு மாற்றப் போகிறீர்களா? கேள்வி-பதில்

வந்த கேள்விகளில் பெரும்பாலானவை "எந்த கார்டு வாங்கலாம்?" என்றுதான் முடிகின்றன. வேலை எந்த இடத்தில் சிக்குகிறது என்று யாரும் எழுதுவதில்லை. அது தெரியாமல் கார்டு வாங்கினால் பணம் போகும், தாமதம் அப்படியே நிற்கும்.

கேள்வி: கேமராவில் 4கே, 10 பிட் படம் எடுக்கிறேன். ஆர்டிஎக்ஸ் 4070 போட்ட பிறகும் டைம்லைனில் காட்சி விட்டு விட்டு ஓடுகிறது. கார்டில் பழுதா?

பழுது இருக்காது. கேமரா பதிவு செய்யும் கோப்பின் வகையைப் பாருங்கள், எச்.265 (வீடியோவைச் சுருக்கும் முறை), 4:2:2 (நிற விவரத்தைச் சேமிக்கும் அளவு) என்று இருந்தால் காரணம் அதுதான். சுருக்கிவைத்த வீடியோவை விரிப்பதற்கென்றே கார்டுக்குள் தனிப்பகுதி ஒன்று உண்டு. ஆர்டிஎக்ஸ் கார்டுகளைச் செய்யும் என்விடியாவின் 40 வரிசை (உங்கள் 4070 அதில்தான்) வரை அந்தப் பகுதி 4:2:0 கோப்புகளை விரிக்கும், 4:2:2 கோப்புகளைத் தொடாது. 2025இல் வந்த 50 வரிசையில்தான் அந்த வசதி சேர்ந்தது. ஆகவே உங்கள் கணினியில் முழுச் சுமையும் பிராசசர் தலையில் விழுகிறது.

உறுதி செய்துகொள்ள, காட்சியை ஓடவிட்டு விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் ஜிபியு (கிராபிக்ஸ் கார்டு) பக்கத்தைத் திறங்கள். அங்குள்ள சிறு வரைபடங்களில் ஒன்றின் தலைப்பைச் சொடுக்கி 'வீடியோ டிகோட்' என்று மாற்றுங்கள். அது தரையோடு கிடக்க, பிராசசர் வரைபடம் உச்சியைத் தொட்டால் சந்தேகமே வேண்டாம். இன்டெல் 11ஆம் தலைமுறை முதல் பிராசசரோடு வரும் உள்கிராபிக்ஸ் இவ்வகைக் கோப்பை எளிதாக விரிக்கும். பலர் பெரிய கார்டு வந்ததும் அதை பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) அணைத்துவிடுகிறார்கள்; மீண்டும் இயக்கிப் பாருங்கள். பெயரின் கடைசியில் 'எஃப்' என்ற எழுத்துள்ள பிராசசர்களில் உள்கிராபிக்ஸ் கிடையாது. உங்களுடையது அப்படியென்றால் புராக்ஸி கோப்புகள் (எடிட்டுக்கு மட்டும் பயன்படும் இலகுவான நகல்கள்) செய்து எடிட் செய்யுங்கள். செலவில்லாத வழி, ஆனால் ஏனோ பலருக்கு அது கௌரவக் குறைவாகப் படுகிறது.

கேள்வி: பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் அனிமேஷன் செய்கிறேன். 8 ஜி.பி. ஆர்டிஎக்ஸ் 4060, 12 ஜி.பி. ஆர்டிஎக்ஸ் 3060 இரண்டில் எது நல்லது?

நீங்கள் செய்யும் காட்சி கார்டின் நினைவகத்துக்குள் அடங்கும்வரை 4060 வேகமானது. அடங்குமா என்பதுதான் கேள்வி. கணக்குப் போட்டுப் பாருங்கள். 4096க்கு 4096 அளவுள்ள ஒரு டெக்ஸ்சரில் (உருவத்தின் மேல் ஒட்டும் படம்), புள்ளிக்கு 4 பைட் வீதம் 64 எம்.பி. போகிறது. ஒரு பாத்திரத்துக்கு நிறம், சொரசொரப்பு, மேடுபள்ளம் என்று ஐந்து டெக்ஸ்சர் வைத்தால் 320 எம்.பி. பத்துப் பாத்திரங்கள் நிற்கும் காட்சிக்கு 3 ஜி.பி.க்கு மேல். இதில் முடி, மரம், புகை எதுவும் சேரவில்லை. திரையில் திறந்திருக்கும் மற்ற மென்பொருள்களும் அதே நினைவகத்தில்தான் பங்கு கேட்கும்.

நிரம்பி வழிந்தால் ஒன்று டெக்ஸ்சர்கள் கணினியின் ரேமுக்குத் தள்ளப்பட்டு ரெண்டர் (இறுதிப் படத்தை உருவாக்கும் வேலை) ஊர்ந்து செல்லும், இல்லையேல் நினைவகம் போதவில்லை என்று நின்றேவிடும். அதனால் கூட்டமான காட்சிகள் செய்பவருக்கு 12 ஜி.பி. 3060தான் என் தேர்வு. அதிலேயே 8 ஜி.பி. வகையும் விற்கிறது, பெட்டியைப் படித்து வாங்குங்கள். எழுத்துகளும் லோகோக்களும் அசையும் வேலைதான் என்றால் 4060 தாராளம்.

வாங்குமுன் பிளெண்டரின் 'சிம்ப்ளிஃபை' பகுதியில் டெக்ஸ்சர் வரம்பை 2048 ஆக்கிப் பாருங்கள். 64 எம்.பி. 16 ஆகிவிடும். தூரத்தில் நிற்கும் சுவருக்கு 4கே டெக்ஸ்சர் எதற்கு?

கேள்வி: 8 ஜி.பி. கார்டு இரண்டு போட்டால் 16 ஜி.பி. ஆகுமா?

ஆகாது. ஒவ்வொரு கார்டும் முழுக் காட்சியையும் தனித்தனியே ஏற்றிக்கொள்ளும். வேலையைப் பங்கிடுவதால் ரெண்டர் நேரம் குறையும், அவ்வளவுதான். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பு விண்டோஸில் இரண்டாவது கார்டைப் பயன்படுத்தவே செய்யாது.

கேள்வி: பழைய ஆர்டிஎக்ஸ் 3090 ஒன்று கிடைக்கிறது. என் 650 வாட் பவர் சப்ளை தாங்குமா?

வேண்டாம். அந்த கார்டு மட்டும் 350 வாட் இழுக்கும். என்விடியா பரிந்துரைப்பது 750 வாட் பவர் சப்ளை. கண நேரத்துக்கு அது 350ஐயும் தாண்டி எகிறும். அப்போது பிழைச் செய்தி ஏதும் வராது, ரெண்டர் தொடங்கிய கையோடு கணினி இருண்டுவிடும். இதை விண்டோஸ் கோளாறு என்று நினைத்து மறுபடி மறுபடி நிறுவிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

புதிய பவர் சப்ளை வாங்கினால் இரண்டு எச்சரிக்கைகள். 8 முனை இணைப்பு ஒவ்வொன்றுக்கும் தனி கேபிள் இழுங்கள், ஒரே கேபிளின் இரட்டைத் தலையைப் பயன்படுத்த வேண்டாம். கழற்றி மாட்டும் வகையென்றால் பழைய பவர் சப்ளையின் கேபிளைப் புதியதில் செருகவே கூடாது. வாய் பொருந்தும், உள்ளே கம்பி வரிசை வேறாக இருக்கும். கார்டோ ஹார்டு டிஸ்கோ கருகிவிடும்.

கார்டைப் பொறுத்தவரை, 3090இன் நினைவகச் சில்லுகளில் பாதி பின்பக்கத்தில் இருக்கின்றன, அங்கே குளிர்விப்பு குறைவு. விற்பவர் முன்னாலேயே அரை மணி நேரமாவது ரெண்டர் ஓட்டி, நினைவகத்தின் வெப்பத்தைப் பாருங்கள். 110 டிகிரியைத் தொட்டால் வேகம் குறையத் தொடங்கும். அந்த நிலையில் உள்ள கார்டுக்குத் தெர்மல் பேடு (சில்லின் வெப்பத்தைக் கடத்தும் மெத்தை) மாற்றியே ஆகவேண்டும், அதையும் விலையில் கழித்துப் பேசுங்கள்.

கேள்வி: ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற அசைவு கிராபிக்ஸ் மென்பொருளுக்கு எந்த கார்டு?

இருப்பதே போதும். ரேம் சேருங்கள்.

கேள்வி: புதிய கார்டிலும் பாத்திரத்தின் கையை அசைத்தால் வியூபோர்ட் (காட்சியைப் பார்த்து வேலை செய்யும் சாளரம்) தயங்குகிறது. ஏன்?

மானிட்டர் கேபிள் மதர்போர்டில் செருகியிருக்கிறதா என்று முதலில் பின்பக்கம் பாருங்கள். சிரிக்காதீர்கள், அடிக்கடி நடப்பதுதான். அது சரியென்றால் ரிக்கை (பாத்திரத்தை அசைக்கும் எலும்புக்கூட்டு அமைப்பு) சந்தேகியுங்கள். எலும்புகள், கட்டுப்பாடுகள் ஆகியவற்றின் கணக்கைப் பார்ப்பது பிராசசர், அதுவும் பெரும்பாலும் ஒன்றன்பின் ஒன்றாக. வியூபோர்ட்டில் சப்டிவிஷனை (பரப்பை நுண்துண்டுகளாக்கி வழவழப்பாக்கும் வசதி) அணைத்து, முடியையும் உடையையும் மறைத்துவிட்டு அசைத்துப் பாருங்கள். அப்போது தயக்கம் போய்விட்டால், அசைவு வேலை முடியும்வரை அப்படியே வைத்துக்கொள்ளலாம். ரெண்டருக்கு அவை தனியே இயங்கும்படி அமைக்க முடியும்.