கணினிக் கேள்வி – பதில்: அங்குலக் குறியும் இடம் மாறும் விலையும்

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில் பைப், ஃபிட்டிங்ஸ் கடை வைத்திருக்கிறோம். பில் போடும் மென்பொருளிலிருந்து சரக்குப் பட்டியலை சிஎஸ்வி கோப்பாக (காற்புள்ளியால் கட்டங்களைப் பிரித்துக் காட்டும் உரைக்கோப்பு) எடுத்து எக்செல்லில் திறந்தால், சில பொருள்களின் விலை அடுத்த கட்டத்துக்குத் தள்ளிப்போகிறது; சில இடங்களில் இரண்டு வரிகள் ஒன்றாகிவிடுகின்றன. ஏற்றுமதி அமைப்பில் ஒற்றை மேற்கோளைத் தேர்ந்தெடுத்தால் சரியாகுமா?
— ஒரு வாசகர், சேலம்

பதில்: ஆகாது. உங்கள் பட்டியலில் அங்குலத்தைக் குறிக்க இடும் அடையாளமும், பெயரின் தொடக்கத்தையும் முடிவையும் காட்ட மென்பொருள் இடும் இரட்டை மேற்கோளும் ஒரே எழுத்துதான் என்பதே சிக்கலின் வேர்.

"3/4" பைப், 10 அடி",120

என்ற வரியில், 4-க்கு அடுத்த குறியோடு பெயர் முடிந்துவிட்டதாக எக்செல் எடுத்துக்கொள்வதால், அதன் பின் வரும் காற்புள்ளியில் கட்டம் பிரிந்து, விலை ஓரிடம் தள்ளிப்போகிறது. பெயரின் கடைசியிலேயே அங்குலக் குறி வந்தால் நிலைமை இன்னும் மோசம்.

"பைப் 3/4"",120

இங்கே அடுத்தடுத்து நிற்கும் இரண்டு குறிகளும் பெயருக்குள் இருக்கும் ஒரே குறியாகக் கொள்ளப்படுவதால், பெயர் முடியாமலே நீண்டு, 120 என்ற விலையையும் வரி முடிவையும் விழுங்கி, அடுத்த வரியின் முதல் மேற்கோளில்தான் நிற்கும். வரிகள் ஒட்டிக்கொள்வது இதனால்தான்.

பெயருக்குள் வரும் ஒவ்வோர் இரட்டை மேற்கோளையும் இரண்டாக எழுத வேண்டும் என்பது, சிஎஸ்வி வடிவத்தை விவரித்து 2005-இல் வெளியான ஆர்எஃப்சி 4180 ஆவணத்தில் பதிவான வழக்கம். அதன்படி சரியான வடிவங்கள் இவை:

"3/4"" பைப், 10 அடி",120
"பைப் 3/4""",120

ஒற்றை மேற்கோளுக்கு மாறினால், சிஎஸ்வி கோப்பை நேரடியாகத் திறக்கும் எக்செல் அதைப் பெயரின் தொடக்கத்தையும் முடிவையும் காட்டும் உறையாகவே மதிக்காது. காற்புள்ளி உள்ள பெயர்கள் எல்லாம் பிளவுபடும். எக்செல் போன்ற இலவச மென்பொருளான லிப்ரே ஆபிஸ் கால்க் திறக்கும்போது எந்தக் குறி உறை என்று கேட்கும் என்றாலும், 10' என்று அடிக்கணக்கைக் குறித்த பெயர்களில் பழைய தொல்லையே திரும்பும்.

ஆகவே, ஏற்றுமதியின்போது குறியை இரட்டிக்கும்படி மென்பொருள் கொடுத்தவரைக் கேளுங்கள்; அவருக்கு அது சிறு திருத்தமே. அதுவரை பொருள் பெயரில் குறியை விட்டு "இஞ்ச்" என்றே பதியலாம். கடையில் வாயால் சொல்வதும் அப்படித்தானே! நோட்பேடில் எல்லா மேற்கோளையும் ஒருசேர நீக்கிவிடாதீர்கள். உறைக்குறிகளும் சேர்ந்து போய்விடும். வேர்டில் தட்டச்சு செய்து ஒட்டிய பெயர்களில் வளைந்த மேற்கோள் இருந்தால், அது வேறு எழுத்தாகக் கருதப்படுவதால் கட்டத்தைக் குலைக்காது. ஆனால் நேர்க்குறியிட்டுத் தேடும்போது அந்தப் பொருள் அகப்படாமல் போகக்கூடும்.